சளிக் குப்பியும் எடைத் தராசும்

1917-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் இருந்த கணித மேதை சீனிவாச இராமானுஜன் நோயில் விழுந்தார். வயிற்றுப்புண்ணாக இருக்கலாம் என்று முதலில் சொன்னார்கள். பிறகு காசநோய் என்றார்கள். அந்தப் பெயர் விழுந்த நாளிலிருந்து அவருடைய இங்கிலாந்து வாழ்க்கை பெரும்பாலும் சானடோரியங்களுக்குள் கழிந்தது. அவற்றுள் ஒன்று மெண்டிப் குன்றுகளில் இருந்தது. அதை நடத்தியவர் தென்னிந்தியரான மருத்துவர் டேவிட் சவுரிமுத்து. 1919-இல் தாயகம் திரும்பிய இராமானுஜன், 1920 ஏப்ரல் 26 அன்று சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். அப்போது வயது 32. எழுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1994-இல், யங் என்ற ஆய்வாளர் இராமானுஜனின் நோய் பற்றிய குறிப்புகளைத் திரட்டிப் படித்தார். அது காசநோயாக இருந்திருக்க வாய்ப்புக் குறைவு, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று எழுதினார். எது சரி என்று இனி யாராலும் நிறுவ முடியாது. இரவில் ஏறி இறங்கும் காய்ச்சலும் உடல் மெலிவும் காசநோய்க்கும் உண்டு. வேறு பல நோய்களுக்கும் உண்டு.

அதே சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. காய்ச்சலும் இருமலுமாக ஒருவர் இன்று அரசு மருத்துவமனைக்குப் போனால், ஒரு சிறு குப்பியில் அவர் துப்பிக் கொடுக்கும் சளி இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்கிறது. காசநோய்க் கிருமி இருக்கிறதா? இருந்தால், முதன்மையான மருந்துக்கு அது கட்டுப்படுமா? இரண்டுக்கும் இரண்டு மணி நேரம் போதும். பெயர் தெரியாத காய்ச்சலுக்கும் இந்த விடைக்கும் நடுவே நூறாண்டு கிடக்கிறது. அந்த நூறாண்டில் நுரையீரல் நோயை அறியும் வழி காதிலிருந்து கண்ணுக்கும், கண்ணிலிருந்து மூலக்கூறுக்கும் நகர்ந்தது. கிடைத்தது மிகப் பெரிது. வழியில் கைவிட்டதும் உண்டு. அப்படிக் கைவிட்டவற்றுள் ஒன்றான எடைத் தராசை இப்போதுதான் திரும்பக் கையில் எடுத்திருக்கிறோம்.

அன்றைய மருத்துவரின் முதல் கருவி அவருடைய விரல். மார்பைத் தட்டி, எழும் ஒலியைக் கொண்டு உள்ளே இருப்பது காற்றா நீரா என்று உணரும் முறையை வியன்னாவின் ஔவன்புருகர் 1761-இல் எழுதி வைத்தார். 1816-இல் பாரிஸில் லென்னெக் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்தார். நுரையீரலின் ஒவ்வொரு இரைச்சலுக்கும் பெயர் வைத்த அவரே 1826-இல் காசநோயால் இறந்தார். 1895-இல் ரான்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்த பின் மருத்துவர்கள் நிழலைப் படிக்கத் தொடங்கினார்கள். தட்டலும் கேட்டலும் நிழலும் உள்ளே ஏதோ கோளாறு என்று சொல்லும்; அது எந்த நோய் என்று உறுதியாகச் சொல்லா. பழைய நிமோனியாவின் வடுவும் காசநோயின் புண்ணும் படத்தில் ஒன்றுபோலத் தெரியலாம். ஒரே படத்தை இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகப் படித்தார்கள். சில மாதம் கழித்து அதே படத்தைக் கொடுத்தால் ஒரே மருத்துவரே மாற்றிப் படித்ததும் உண்டு.

நோயை அதன் காரணத்தைக் கொண்டே அறியும் வழி 1882 மார்ச் 24 அன்று திறந்தது. அன்று பெர்லினில் ராபர்ட் கோக், காசநோயை உண்டாக்கும் கிருமியைச் சாயமேற்றிக் காட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் எர்லிக், சீல், நீல்சன் ஆகியோர் அந்தச் சாயமேற்றும் முறையைச் செம்மைப்படுத்தினார்கள். அந்த முறை இன்றும் வழக்கில் இருக்கிறது. சளியைக் கண்ணாடிச் சில்லில் தடவிக் காயவிடுவார்கள். அதன்மேல் சிவப்புச் சாயம் ஊற்றி, கீழிருந்து சுடர் காட்டிச் சூடேற்றுவார்கள். பிறகு அமிலத்தால் கழுவுவார்கள். மற்றக் கிருமிகள் சாயத்தை விட்டுவிடும். மெழுகுச் சுவர் கொண்ட காசக்கிருமி மட்டும் விடாது. கடைசியில் நீலச் சாயம் ஏற்றிப் பார்த்தால், நீலப் பரப்பில் மெல்லிய சிவப்புக் கோடுகளாக அது தெரியும்.

ஒரு நோயாளியின் உடலிலிருந்து எடுத்த பொருளில் நோயின் அடையாளத்தை நேரில் கண்டு பெயர் சொல்வதற்கு இன்று மருத்துவ நூல்கள் உயிரியல் குறிப்பான் என்கின்றன. காசநோயில் அந்த இடம் முதலில் சளிக்குக் கிடைத்தது. செலவு மிகக் குறைவு. ஒரு நுண்ணோக்கியும் சாயமும் அமிலமும் அடங்கிய மூன்று குப்பிகளும் பழகிய கண்ணும் இருந்தால் எந்த ஊரிலும் செய்யலாம். ஆய்வக நுட்பநர் ஒரு சில்லில் நூறு பார்வைப்புலங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, கண்ட கிருமிகளின் அளவுக்கேற்ப 1+, 2+, 3+ என்று எழுதுவார். குறையும் இருந்தது. ஒரு மில்லி லிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகள் இருந்தால்தான் நுண்ணோக்கியில் ஒன்றிரண்டாவது சிக்கும். அதற்குக் குறைவாக இருந்தவர்கள், குறிப்பாகக் குழந்தைகளும் எச்.ஐ.வி. உள்ளவர்களும், நோய் இல்லை என்ற சீட்டோடு வீடு திரும்பினார்கள்.

நோயைக் கண்டுபிடிப்பது ஒன்று. அது குணமாகிறதா என்று தொடர்ந்து பார்ப்பது வேறொன்று. மருந்தே இல்லாத காலத்தில் அந்த இரண்டாவது வேலையைச் சானடோரியம் செய்தது. இங்கிலாந்திலிருந்து திரும்பிய சவுரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியம் தொடங்கினார். 1937-இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. அங்குள்ள மின்ரயில் நிலையம் இன்றும் அந்தப் பெயரையே தாங்கி நிற்கிறது. திறந்த சன்னல், காற்று, ஓய்வு, பால், முட்டை ஆகியவையே அன்றைய சிகிச்சை. நோய் இறங்குகிறதா என்பதை நான்கு அடையாளங்கள் சொல்லின. காலை மாலை காய்ச்சல் அட்டையில் ஏறும் கோடு, எக்ஸ்ரேயில் நிழலின் அளவு, இரத்தச் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு படிகின்றன என்ற கணக்கு, உடல் எடை. மூன்றாவதாகச் சொன்னதை நம் ஊரில் ஈ.எஸ்.ஆர். என்றால் எல்லோருக்கும் தெரியும். ஸ்வீடனின் வெஸ்டர்கிரென் அந்த முறையை 1921-இல் வகுத்தளித்ததும் நுரையீரல் காசநோயாளிகளின் இரத்தத்தைக் கொண்டுதான். நான்கிலும் நோயாளிக்குப் புரிந்தது எடை ஒன்றுதான். தராசில் ஏறி நிற்பார். முள் முந்தைய முறையைவிட மேலே நின்றால் பிழைத்துக்கொள்வோம் என்ற நம்பிக்கை வரும்.

அந்த எடையை அதன் இடத்திலிருந்து இறக்கிய ஆய்வு சென்னையில்தான் நடந்தது. 1944-இல் ஸ்ட்ரெப்டோமைசினும் 1952-இல் ஐசோநயாசிட்டும் அறிவிக்கப்பட்டிருந்தன. மருந்து வந்துவிட்டது, படுக்கைகள் போதவில்லை. லட்சக்கணக்கான நோயாளிகளுக்கு மிகக் குறைந்த படுக்கைகளே நாட்டில் இருந்தன. சானடோரியத்தில் சேர்க்காமல் வீட்டில் வைத்தே குணப்படுத்த முடியுமா என்று பார்க்க, 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை அதற்குக் கைகொடுத்தன. முன்னின்று நடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ்.

193 நோயாளிகள். குலுக்கல் முறையில் ஒரு பாதியினர் சானடோரியத்துக்கும் மறுபாதியினர் தங்கள் வீட்டுக்கும் அனுப்பப்பட்டார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. வீட்டுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். நெருக்கமான சிறு வீடுகள். வயிறு நிறையாத சாப்பாடு. வேலையை விட முடியாத நிலை. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஓய்வும் நல்ல உணவும் கிடைத்தன. அவர்களுடைய எடை வீட்டில் இருந்தவர்களைவிடக் கூடுதலாக ஏறியது. ஆனால் ஆண்டு முடிவில் சளியைப் பார்த்தபோது, கிருமி அழிந்தவர்களின் விகிதம் இரு தரப்பிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. வீட்டில் உடன் இருந்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் இந்த முடிவு வெளிவந்தது. சானடோரியங்களின் காலம் உலகெங்கும் முடியத் தொடங்கியதில் இந்தச் சென்னை ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஏழைக்கு அது விடுதலை. குடும்பத்தைவிட்டு ஓராண்டு, ஈராண்டு பிரிந்திருக்க வேண்டியதில்லை. படுக்கைக்காகக் காத்திருந்து சாக வேண்டியதில்லை. அதே முடிவு இன்னொரு பாடத்தையும் எழுதிவிட்டது. குணத்தைச் சொல்வது சளி. எடை துணைச் செய்தி. அன்றிலிருந்து நாட்டின் காசநோய்த் திட்டம் சளியையே நடுவில் வைத்துக் கட்டப்பட்டது. நோயாளி மருந்தை விழுங்கினாரா என்பதற்கும் சென்னை மையம் ஓர் அடையாளம் வைத்திருந்தது. முன்னறிவிப்பின்றி வீட்டுக்கு ஆள் போய்ச் சிறுநீர் வாங்கிவந்து, அதில் மருந்தின் சாயல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து, மாத்திரை உறையைப் பிரித்ததும் தெரியும் இலவச எண்ணுக்கு நோயாளி ஒரு மிஸ்டு கால் கொடுக்கும் முறை வந்தது; கணினியில் அன்றைய நாளுக்கு நேரே அது பதிவானது. அன்று கதவைத் தட்டியவருக்கு வீட்டின் அடுப்படியும் தெரிந்தது. அந்த மிஸ்டு காலில் அது தெரியவில்லை.

1962-இல் தேசிய காசநோய்த் திட்டம் வந்தது. 1997-இல் அது திருத்தியமைக்கப்பட்டு, கண்முன்னே மாத்திரை விழுங்க வைக்கும் டாட்ஸ் முறை நாடெங்கும் பரவத் தொடங்கியது. அந்தப் பல பத்தாண்டுகள் முழுவதும் நுண்ணோக்கியே அரசி. அது சொல்லாத ஒன்றுக்கு மட்டும் வளர்சோதனையை நாட வேண்டியிருந்தது: கிருமி மருந்துக்குக் கட்டுப்படுமா? முட்டை கலந்த பச்சை நிற ஊடகத்தில் சளியைத் தூவி, வெதுவெதுப்பான பெட்டியில் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். காசக்கிருமி மெல்ல வளரும் இனம். ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் கரடுமுரடான வெளிர்மஞ்சள் திட்டுகள் தெரியும். மருந்துக்கு அடங்குகிறதா என்று பார்க்க மேலும் சில வாரம். அதற்குள் நோயாளி பலன் தராத மருந்தைத் தின்றுகொண்டிருப்பார். வீட்டில் உள்ளவர்களுக்கு அடங்காத கிருமியைக் கொடுத்துக்கொண்டிருப்பார். விடை வந்து தேடும்போது ஊரைவிட்டுப் போயிருப்பார், அல்லது உலகைவிட்டு.

2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஒரு மரபணுச் சோதனைக்கு ஒப்புதல் தந்தது. நம் ஊர் ஆய்வகங்களில் அதைச் சிபிநாட் என்பார்கள். சளியை ஒரு திரவத்தில் கரைத்து, கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் கட்டையில் ஊற்றி இயந்திரத்தில் செருகினால், மீதியை அதுவே பார்த்துக்கொள்கிறது. கிருமியின் மரபணுவில் ரிஃபாம்பிசின் மருந்து பற்றும் இடத்தில் உள்ள 81 எழுத்துகள் நீளமுள்ள ஒரு பகுதியைப் பெருக்கிப் படிக்கிறது. எழுத்து மாறியிருந்தால் மருந்து கேட்காது. நுண்ணோக்கிக்கு 5,000 கிருமிகள் வேண்டியிருந்த இடத்தில் முதல் சிபிநாட்டுக்கு 130 அளவு போதும். 2017-இல் வந்த மேம்பட்ட வகைக்கு 16. நுண்ணோக்கி ஒருவரைக் காட்டிய கூட்டத்தில் இது இன்னும் பலரைக் காட்டுகிறது. இதன் ஒரு கட்டையின் விலை 2012-இல் 9.98 டாலராக ஒப்புக்கொள்ளப்பட்டு, 2023-இல் 7.97 டாலராகக் குறைந்தது. கோவாவில் உருவான ட்ரூநாட் கருவி மின்கலத்தில் ஓடும். குளிர்சாதன அறை கேட்காது. 2020-இல் அதற்கும் உலக ஒப்புதல் கிடைத்தபின் ஆரம்பச் சுகாதார நிலையம் வரை மரபணுச் சோதனை இறங்கி வர வழி பிறந்தது.

அந்த வேகத்தின் பயன் சிகிச்சையில் தெரிகிறது. மருந்துக்கு அடங்காத காசநோய் என்றால் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் 18 முதல் 24 மாதச் சிகிச்சை. அதில் முதல் பல மாதங்கள் தினமும் ஊசி. அந்த ஊசி மருந்துகள் சிலருடைய செவித்திறனை நிரந்தரமாகப் பறித்தன; உயிர் பிழைத்தவர் காது கேளாதவராக எழுந்தார். இன்று பெடாகுவிலினை நடுவில் வைத்த நான்கு மருந்துகளின் சேர்க்கையால், ஊசியே இல்லாமல், ஆறு மாதத்தில் முடிக்கலாம். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது. 2024-இல் இந்தியா ஏற்றுக்கொண்டது. கிருமி எதற்கு அடங்காது என்று முதல் நாளிலேயே தெரிவதால்தான் அந்த ஆறு மாதத்தைச் சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் தொடங்க முடிகிறது.

இரத்தத்தின் கதையிலும் அன்றும் இன்றும் உண்டு. 1890-இல் கோக் தயாரித்த டியூபர்குலினைத் தோலுக்குள் செலுத்தி, இரண்டு மூன்று நாள் கழித்துத் தடிப்பை அளவுகோலால் அளக்கும் முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாண்டூ வகுத்தார். பி.சி.ஜி. தடுப்பூசி போட்டவர்களுக்கும் அது தடிக்கலாம் என்பது அதன் குழப்பம். இன்று இரத்தத்தின் வெள்ளையணுக்களைக் காசக்கிருமியின் புரதத்தோடு குழாயில் வைத்து, அவை சுரக்கும் இன்டர்ஃபெரானை அளக்கிறார்கள். தடுப்பூசி அதைக் குழப்புவதில்லை. தொற்று உண்டா என்பதை அது சொல்லும். நோய் எழுந்துவிட்டதா என்பதைச் சொல்லாது. இடையில் ஒரு தவறான வழியும் திறந்திருந்தது. இரத்தத்தில் எதிர்ப்புப் புரதத்தைப் பார்த்துக் காசநோய் என்று சொல்லும் சோதனைகள் தனியார் ஆய்வகங்களில் பெருவழக்காக நடந்தன. நோயில்லாதவருக்கு உண்டு என்றும், உள்ளவருக்கு இல்லை என்றும் அவை அடிக்கடி பிழையாகச் சொல்லின. 2011-இல் உலக சுகாதார நிறுவனம் அவற்றைக் கூடாது என்றது. 2012-இல் இந்தியா தடை செய்தது. புதிதாகவும் இரத்தத்திலிருந்தும் வருவதால் மட்டுமே ஓர் அடையாளம் நம்பத்தக்கதாகிவிடாது என்பதை அந்த ஆண்டுகள் கற்பித்தன.

பழையதாகவே நின்றுவிட்டதும் உண்டு. மரபணுச் சோதனை கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடுகிறது, செத்த கிருமியிலும் அது சில காலம் கிடக்கும். ஆகவே சிகிச்சை நடுவில் நோயாளி குணமாகிறாரா என்று பார்க்க அது உதவாது. இரண்டு மாதம் முடிந்ததும் ஆய்வக நுட்பநர் இன்றும் அந்தச் சிவப்புக் கோடுகளையே தேடுகிறார். ஐயம் வந்தால் வளர்சோதனைக்கு அனுப்புகிறார். ஈ.எஸ்.ஆரின் இடத்துக்குச் சி-ரியாக்டிவ் புரதம் வந்திருக்கிறது, எச்.ஐ.வி. உள்ளவர்களிடையே காசநோயை முதலில் சலித்தெடுக்க அதை 2021-இல் உலக நிறுவனம் பரிந்துரைத்தது. சளி வராத கடும் நோயாளிக்கு, அதுவும் எச்.ஐ.வி. இருந்தால், சிறுநீரில் கிருமிச் சுவரின் ஒரு பொருளைக் காட்டும் காகிதப் பட்டை இருக்கிறது. 25 நிமிடத்தில் கோடு தெரியும்.

எக்ஸ்ரேயும் திரும்பி வந்திருக்கிறது. 2019 முதல் 2021 வரை நாடெங்கும் நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில், கண்டறியப்பட்ட நோயாளிகளில் 42.6 விழுக்காட்டினர் எக்ஸ்ரே எடுத்ததால் மட்டுமே சிக்கினார்கள். இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா என்ற கேள்விகளுக்கு அவர்கள் இல்லை என்றே சொல்லியிருந்தார்கள். அறுபது ஆண்டுகளாகச் சளியை மட்டும் நம்பிய திட்டத்துக்கு அந்த எண் ஒரு திருத்தம். இன்று வேனில் ஏற்றிய எக்ஸ்ரே கருவி கிராமத்துக்கு வருகிறது. படத்தைக் கணினி நிரல் படித்து ஐயத்துக்கு மதிப்பெண் கொடுக்கிறது. இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகப் படித்த நிழலை இப்போது எல்லா ஊரிலும் ஒரே அளவுகோலால் படிக்க முடிகிறது.

இத்தனைக்கும் பிறகு எஞ்சி நிற்கிறது ஓர் எண். இந்தியாவில் இன்றும் ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் காசநோயால் இறக்கிறார்கள். அவர்களில் பலர் நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்கள், மருந்து தொடங்கப்பட்டவர்கள். சிகிச்சையில் இருக்கும்போது நேரும் இறப்புகளில் பெரும்பகுதி முதல் இரண்டு மாதத்துக்குள் நேர்கிறது. கிருமியின் பெயர் தெரியும். அது மருந்துக்கு அடங்கும் என்றும் தெரியும். அது அடங்கும் முன்பே ஆள் அடங்கிவிடுகிறார். இரண்டு மணி நேரத்தில் விடை சொல்லும் இயந்திரத்தில் அந்த ஆளைப் பற்றிய கேள்வி இல்லை. எலும்பும் தோலுமாக வந்து நின்றவரும், திடமாக நடந்து வந்தவரும் அதன் தாளில் ஒரே சொல்லாகவே வருகிறார்கள்.

சானடோரியத்தின் செவிலியர் அந்த வேறுபாட்டைத் தினமும் பார்த்தார். யார் சாப்பாட்டைத் தொடவில்லை, யார் கட்டிலிலிருந்து எழ இன்னொருவர் தோளைப் பிடிக்கிறார், யாருக்குக் கால் வீங்கியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். சானடோரியம் போனதோடு அந்த நீண்ட பார்வையும் போயிற்று. வீட்டுச் சிகிச்சை கோடிக்கணக்கானோரைக் காத்தது. அதை மறுக்க யாராலும் முடியாது. அது கொண்டுவந்த முறையில் நோயாளியைப் பார்ப்பதற்கு மாதத்தில் சில நிமிடங்களே மிஞ்சின. கிருமியைப் பார்க்கும் கண் கூர்மையாகக் கூர்மையாக, ஆளைப் பார்க்கும் நேரம் குறைந்தது. இந்த நூறாண்டில் நாம் இழந்தது அதுதான்.

அதைத் திரும்பப் பெறும் முயற்சி 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் தொடங்கியது. காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்பது பெயர். சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் மாநில அரசோடு சேர்ந்து வகுத்தது. அதன் அடிப்படை மிக எளிது. நோய் உறுதியானதும், ஊழியர் ஒவ்வொரு நோயாளியின் எடையையும் உயரத்தையும் அளக்கிறார். உடல் நிறை குறியீடு 14 அல்லது அதற்குக் கீழா? 16-க்குள் இருந்து, இரு கால்களும் வீங்கியிருக்கின்றனவா? நிமிடத்துக்கு 24-க்கு மேல் மூச்சு வாங்குகிறதா? விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜனை 94 விழுக்காட்டுக்குக் கீழே காட்டுகிறதா? யாரும் பிடிக்காமல் நிற்க முடிகிறதா? இவற்றில் எதிலாவது ஆபத்துத் தெரிந்தால், அவரை மருத்துவர் பார்த்து, தேவையானால் உடனே மருத்துவமனையில் சேர்த்து, சத்துணவும் ஆக்சிஜனும் கொடுக்க வேண்டும். மரபணுவைப் படிக்கும் இயந்திரம் இருக்கும் அதே மாநிலத்தில், ஒரு தராசும் ஒரு கடிகாரமும் ‘எழுந்து நில்லுங்கள் அம்மா’ என்ற ஒரு வேண்டுகோளும் உயிர் காக்கும் அடையாளங்களாகப் பதிவேட்டில் ஏறின.

அடுத்த ஆண்டே அதற்கு வலுவான துணை கிடைத்தது. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில், 2,800 நோயாளிகளையும் அவர்களுடைய வீடுகளில் இருந்த 10,345 பேரையும் தொடர்ந்து கவனித்த ராஷன்ஸ் ஆய்வு 2023 ஆகஸ்டில் வெளியானது. நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் எடை குறைந்தவர்கள். அவர்களுக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு, பால்பொடி, எண்ணெய் அடங்கிய உணவுப் பொதி வழங்கப்பட்டது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 விழுக்காடு கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 விழுக்காடு குறைவாக இருந்தது. உணவுப் பொதி பெற்ற குடும்பத்தினருக்குக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. நுரையீரலைத் தாக்கிய, சோதனையில் உறுதியான நோயை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தக் குறைவு 48 விழுக்காடு.

இந்த ஆய்வில் பங்குகொண்ட நிறுவனங்களுள் ஒன்று சேத்துப்பட்டின் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 1956-இல் சளியை அரியணையில் ஏற்றிய அதே மையம்தான், பெயர் மாறி, அறுபத்தேழு ஆண்டு கழித்து எடையை அதன் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறது. இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றலாம். கேட்ட கேள்விகள் வேறு. நல்ல சாப்பாடும் ஓய்வும் இல்லாமல் மருந்து கிருமியைக் கொல்லுமா என்று 1956 கேட்டது. கொல்லும் என்பது விடை, அது இன்றும் மாறவில்லை. கிருமி சாகும்வரை மனிதர் உயிரோடு இருப்பாரா, அவருடைய பிள்ளைக்கு அந்த நோய் வருமா என்று ராஷன்ஸ் ஆய்வு கேட்டது; அது எடையைப் பொறுத்தது என்பது விடை. முதல் விடை ஏழையை வீட்டுக்கு அனுப்பியது. அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்பதையும் சிகிச்சையின் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது இரண்டாவது விடை. 2018-இல் காசநோயாளியின் வங்கிக் கணக்கில் உணவுக்கென்று மாதம் 500 ரூபாய் போடத் தொடங்கிய அரசு, 2024 நவம்பரிலிருந்து அதை 1,000 ரூபாய் ஆக்கியது அந்தத் திசையில் வைத்த அடி.

இன்னும் நாட்டின் பல இடங்களில் முதல் சோதனை நுண்ணோக்கியாகவே இருக்கிறது. மரபணு இயந்திரம் இருந்தும் அதற்கான கட்டைகள் தீர்ந்துபோகும் நாட்கள் உண்டு. அந்த இயந்திரம் எல்லா நோயாளிக்கும் முதல் நாளே கிடைக்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. அதே குரலில் தராசையும் கேட்க வேண்டும். இயந்திரம் வருவதற்குப் பணமும் மின்சாரமும் தேவை; தராசுக்குத் தேவை நோயாளியின் பக்கத்தில் நிற்க ஒருவரும் அவருக்கு ஐந்து நிமிடமும். காசநோயாளியின் அட்டையில் சளி முடிவுக்கு ஒரு கட்டம் இருக்கிறது, எடைக்கு ஒரு கட்டம் இருக்கிறது. முதல் கட்டம் நிரம்பிய அட்டைகள் இன்று நிறைய. இரண்டாவது கட்டமும் மாதந்தோறும் நிரம்பி, அந்த எண் இறங்கினால் உடனே ஒருவர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். அது நடக்கும் ஊரில்தான் இந்த நூறாண்டின் அறிவு முழுமையாகப் பயன்பட்டது என்று சொல்ல முடியும்.